செப்டிக் டேங்க் தண்ணீரை சுத்தமாக்கும் துணி! அரை கிரவுண்டு வீடுகளுக்கு கை கொடுக்குமா?

சென்னை:

வீட்டுக்குப் பின்னால் செப்டிக் டேங்க். வீட்டுக்கு முன்னால் போர்வெல். நடுவில் 40 அடி கூட இல்லை.

சென்னை புறநகரில் ஆயிரக்கணக்கான வீடுகளின் நிலை இதுதான்.

அந்த டேங்க்கில் இருந்து வழியும் தண்ணீர் எங்கே போகிறது? கேட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர்கள் பலருக்குத் தெரியாது.

"டேங்க் கட்டியாச்சே சார்! அதுக்குள்ளேயே எல்லாம் சுத்தமாயிடுமே!" என்பார்கள்.

ஆகாது!

டேங்க் செய்வது பாதி வேலைதான். மீதிப் பாதியை மண் செய்ய வேண்டும். அதற்குத் தோதான மண்ணும் இடமும் அரை கிரவுண்டு மனையில் கிடையாது. அதனால் கழிவுநீர் அரைகுறையாகவே வெளியே வருகிறது. ஒன்று, தெருவில் உள்ள மழைநீர் வடிகாலுக்குப் போகிறது. இல்லையென்றால் கிணற்றுக்கே திரும்பி வருகிறது.

மண் செய்ய வேண்டிய இந்த வேலையை துணியை வைத்து செய்து காட்டி இருக்கிறார்கள் வெளிநாட்டு என்ஜினீயர்கள். அது நம் ஊருக்கு ஒத்து வருமா? இதோ விவரம்:

60 அடிக்கு எங்கே போவது?

செப்டிக் டேங்க் எப்படிக் கட்ட வேண்டும் என்று இந்திய தர நிர்ணய அமைப்பு விதி வகுத்து இருக்கிறது. அதன் எண் ஐ.எஸ்.2470. 1985-ல் வெளியானது.

இந்த விதி இரண்டு பாகம் கொண்டது. முதல் பாகம் டேங்க் கட்டுவது பற்றியது. இரண்டாம் பாகம் முழுவதும், டேங்க்கில் இருந்து வெளியே வரும் தண்ணீரை அடுத்து எப்படி சுத்தம் செய்வது, எங்கே விடுவது என்பது பற்றியது.

ஆக, டேங்க்கோடு வேலை முடிவது இல்லை என்று விதியே சொல்கிறது. ஆனால் பல மேஸ்திரிகள் முதல் பாகத்தோடு கடையைக் கட்டி விடுகிறார்கள்!

டேங்க் தண்ணீரை இறக்கும் உறிஞ்சு குழிக்கும், குடிநீர் எடுக்கும் கிணற்றுக்கும் நடுவே 18 மீட்டர் தூரம் இருக்க வேண்டும் என்கிறது விதி. அதாவது 59 அடி.

அரை கிரவுண்டு என்பது 1,200 சதுர அடி. பொதுவாக 20-க்கு 60 மனை. மனையின் முழு நீளமே 60 அடிதான்! ஒரு கோடியில் குழியும் மறு கோடியில் கிணறும் தோண்டினாலும் இழுபறிதான். அதற்குள் வீடு கட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கிணற்றையும் கணக்கில் சேர்த்தால் விதிப்படி நடப்பது அநேகமாக முடியாத காரியம்.

மண்ணும் ஒத்துழைப்பது இல்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் களிமண் பூமி. தண்ணீரை லேசில் உறிஞ்சாது. மழைக் காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறி விட்டால் உறிஞ்சு குழி, ஊற்றுக் குழியாக மாறி விடும்!

அப்புறம் என்ன? ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பைப். அது நேராக மழைநீர் வடிகாலில் போய் முடியும்.

42 ஊர் சேர்ந்த கதை

2011-ல் சென்னை மாநகராட்சியோடு 42 உள்ளாட்சிகள் இணைக்கப்பட்டன. 174 சதுர கிலோ மீட்டராக இருந்த நகரம், ஒரே மூச்சில் 426 சதுர கிலோ மீட்டராக வீங்கியது.

ஊர் சேர்ந்த வேகத்தில் பாதாள சாக்கடை சேரவில்லை. அது தெருத் தெருவாக, ஆண்டுக்கணக்கில் வர வேண்டிய சமாச்சாரம். வராத இடத்தில் செப்டிக் டேங்க்தான் கதி. மாநகராட்சி எல்லைக்கு வெளியே புதிது புதிதாக முளைக்கும் நகர்களிலும் இதே கதைதான்.

வடிகாலில் விழும் கழிவுநீர் கடைசியில் அடையாறுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் போய்ச் சேருகிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலம் என்று 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம் பிடித்த இடம் அது!

டேங்க்குக்குள் நடப்பது என்ன?

செப்டிக் டேங்க்கில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை.

கனமானது அடியில் தங்கும். எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும். நடுவில் நிற்கும் தண்ணீர் அடுத்த அறைக்குப் போய் வெளியே வழியும். அவ்வளவுதான்.

உள்ளே காற்று கிடையாது. காற்று இல்லாமல் வாழும் கிருமிகள் அடி வண்டலை மெல்ல மெல்லத் தின்னும். அதில் இருந்துதான் விஷ வாயு கிளம்புகிறது.

தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளக்க பி.ஓ.டி. என்று ஒரு கணக்கு உண்டு. தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்று தீர்க்க கிருமிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதே அந்தக் கணக்கு. எண் பெரிதானால் அழுக்கு அதிகம்.

வீட்டுச் சாக்கடையில் இது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லி கிராம் வரை இருக்கும். நன்றாகக் கட்டிய டேங்க்கைத் தாண்டி வரும் தண்ணீரிலும் சுமார் 150 இருக்கும். ஆறு, ஏரி, கால்வாயில் கழிவுநீர் விட சுற்றுச்சூழல் விதிகள் வைத்திருக்கும் பொதுவான வரம்பு 30!

அழுக்கோடு போனாலும் பரவாயில்லை. டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை கிருமிகளும் கூடவே போகும். டேங்க் அவற்றைத் தடுத்து நிறுத்தாது.

மண்ணுக்கும் மூச்சு வேண்டும்

டேங்க்குக்கு வயது 150 ஆண்டுக்கு மேல். பிரான்சைச் சேர்ந்த மூரா என்பவர் கட்டிய தொட்டிதான் இதன் முன்னோடி. 1881-ல் அவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

ஆனால் மிச்ச வேலையை யார் செய்வது என்ற கேள்விக்கு வேறு இடத்தில் பதில் கிடைத்தது. 1870 வாக்கில் இங்கிலாந்தில் பிராங்க்லாண்ட் என்ற ரசாயன நிபுணர், சாக்கடை நீரை மண் வழியாக விட்டுப் பார்த்தார். விடாமல் ஊற்றினால் மண் அடைத்துக் கொண்டது. விட்டு விட்டு ஊற்றினால் சுத்தமான தண்ணீர் வந்தது.

1887-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகரில் ஒரு சோதனை நிலையம் தொடங்கினார்கள். மணலிலும் சரளைக் கல்லிலும் ஒட்டி வாழும் கிருமிகள்தான் அழுக்கைத் தின்கின்றன என்பது அங்கே உறுதியானது.

இவை டேங்க்குக்குள் இருக்கும் கிருமிகள் அல்ல. வேறு ஜாதி. இவற்றுக்கு காற்று வேண்டும். காற்று கிடைத்தால் படு வேகமாகத் தின்னும். கிடைக்காவிட்டால் சாகும்.

ஆகவே டேங்க்கைத் தாண்டிய தண்ணீருக்கு மூன்று சங்கதிகள் தேவை: கிருமி உட்கார ஒரு இடம், காற்று, நடு நடுவே ஓய்வு. இந்த மூன்றையும் குறைந்த இடத்தில் கொடுப்பதுதான் துணி!

இது காபி வடிகட்டி அல்ல

துணி என்றதும் காபி வடிகட்டுவது போல என்று நினைத்து விடக் கூடாது.

வங்காள தேசத்தில் பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்து, குளத்துத் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். காலரா சுமார் பாதியாகக் குறைந்தது என்று 2003-ல் அந்த ஆய்வு வெளியானது. காலரா கிருமி, தண்ணீரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகளில் ஒட்டிக் கொண்டிருக்கும். பூச்சி துணியில் மாட்டியது. கிருமியும் மாட்டியது. அது சல்லடை வேலை.

இங்கே துணி சல்லடை அல்ல. கிருமிக்கு வீடு!

நெய்யாத துணி என்று ஒன்று உண்டு. நூல் நூலாக நெய்யாமல், இழைகளைக் கம்பளி போலச் சேர்த்து அமுக்கி செய்வது. அதன் உள்ளே பெரும்பகுதி வெறும் இடைவெளிதான். ஒரு கைக்குட்டை அளவு துண்டை எடுத்தாலும், உள்ளே இருக்கும் இழைகளின் பரப்பைக் கூட்டினால் கைக்குட்டையைப் போல பல மடங்கு வரும்.

இந்தத் துணியை ஒரு பெட்டிக்குள், துணிக்கடையில் சேலை தொங்க விட்ட மாதிரி, வரிசையாகத் தொங்க விடுகிறார்கள். டேங்க்கில் இருந்து வரும் தண்ணீரை ஒரு சின்ன பம்ப் மேலே இருந்து தெளிக்கிறது. சில நிமிடத்துக்கு ஒரு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக.

தண்ணீர் இழைகளில் மெல்லிய படலமாக வழிகிறது. இடைவெளியில் காற்று நிற்கிறது. சில வாரங்களில் இழை முழுவதும் வழவழப்பாகப் பாசி மாதிரி ஒரு படலம் பிடிக்கும். அதுதான் கிருமிக் கூட்டம். பார்க்க அருவருப்பாக இருக்கும். வேலை செய்வது அதுதான்!

கீழே விழும் தண்ணீரில் ஒரு பங்கு வெளியே போகும். மீதி, டேங்க் பக்கம் திரும்பி மறுபடி துணிக்கு வரும். இப்படி மூன்று, நான்கு தடவை சுற்றி வருவதால்தான் தண்ணீர் தெளிகிறது.

தொல்லை கொடுத்ததே துணை ஆனது

இந்த யோசனையின் பின்னணியில் ஒரு வேடிக்கை உண்டு.

ரோடு போடுவதிலும் குப்பை மேடு அமைப்பதிலும் மண்ணுக்கு அடியில் இந்த மாதிரி செயற்கைத் துணியை விரிப்பது வழக்கம். குப்பையில் இருந்து வடியும் நீர் இந்தத் துணி வழியாகப் போகும்போது, கிருமி வளர்ந்து துணி அடைத்துக் கொண்டது. என்ஜினீயர்களுக்குப் பெரிய தலைவலி.

"அடைக்கிற அளவுக்கு கிருமி செழிப்பாக வளருதுன்னா, அதை வேலை வாங்கினால் என்ன?" என்ற கோணத்திலும் ஆராய்ச்சி நடந்தது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில், 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில், செயற்கைத் துணியை அடுக்கடுக்காக வைத்து செப்டிக் டேங்க் தண்ணீரை அதன் வழியே விட்டுப் பார்த்தார்கள். மண்ணுக்குள் இறக்கும் முன்பே கிருமியை வைத்து அழுக்கைக் குறைப்பதுதான் நோக்கம்.

அதற்கு முன்பே, 1990-களில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தொங்கும் துணி வடிகட்டிகள் வீடுகளுக்கு வந்து விட்டன.

400 சதுர அடிக்கு பதில் 20

ஒரு வீட்டில் தினமும் 500 காலன், அதாவது சுமார் 1,900 லிட்டர் கழிவுநீர் வருகிறது என்று வைத்துக் கொள்வோம். அதை ஒரே தடவை மணல் படுகை வழியாக விட்டு சுத்தம் செய்ய, அமெரிக்கக் கணக்குப்படி சுமார் 400 சதுர அடி படுகை வேண்டும். அரை கிரவுண்டில் மூன்றில் ஒரு பங்கு போய் விடும்!

அதே தண்ணீருக்கு துணி வடிகட்டி பெட்டியின் பரப்பு 20 சதுர அடி. ஒரு கட்டில் போடும் இடம்.

அதில் இருந்து வரும் தண்ணீரில் பி.ஓ.டி. 10 அல்லது அதற்கும் கீழே வந்திருக்கிறது. சோதனையில் வந்த கணக்கு இது. பராமரிப்பு சரியாக இருந்தால்தான் வீட்டிலும் வரும்.

இன்னொரு லாபமும் உண்டு. சிறுநீரில் உள்ள நைட்ரஜன், மண்ணில் இறங்கி நைட்ரேட்டாக மாறி கிணற்றில் சேரும். குடிநீரில் இது லிட்டருக்கு 45 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய வரம்பு. கைக்குழந்தைகளுக்கு இது ஆபத்து. துணியைத் தாண்டிய தண்ணீரை மறுபடி டேங்க்குக்குத் திருப்பி விடும்போது, இந்த நைட்ரேட்டில் ஒரு பகுதி வெறும் நைட்ரஜன் வாயுவாகக் காற்றில் போய் விடுகிறது.

பழைய சேலை உதவாது

"அப்படின்னா வீட்ல கிடக்கிற பழைய துணியை அள்ளிப் போட்டால் போச்சு!" என்று யாரும் கிளம்பி விட வேண்டாம்.

பருத்தித் துணி போட்டால் கிருமி, அழுக்கோடு சேர்த்து துணியையும் தின்று விடும்! பாலியெஸ்டர், பாலிபுரொப்பலீன் போன்ற செயற்கை இழைதான் தாங்கும். அதுவும் நெய்யாத ரகம். இறுக்கமாக நெய்த துணி சீக்கிரம் அடைத்துக் கொள்ளும்.

தேங்காய் நார் விரிப்பை இதே வேலைக்குப் பயன்படுத்தும் ஆராய்ச்சியும் கேரளத்தில் நடந்திருக்கிறது. நார், பருத்தியைப் போல உடனே மக்காது. ஆனாலும் ஒரு நாள் மக்கத்தான் செய்யும். மாற்றிக் கொண்டே இருக்க வேண்டும்.

எங்கே கோளாறு வரும்?

துணி வடிகட்டி சர்வரோக நிவாரணி அல்ல.

கரண்டு போனால் பம்ப் நிற்கும். சில மணி நேரம் என்றால் கிருமி தாங்கும். நாள் கணக்கில் என்றால் படலம் காய்ந்து, மறுபடி முதலில் இருந்து வளர வேண்டும்.

கழிவறையில் ஆசிட்டை பாட்டில் பாட்டிலாக ஊற்றினால் கிருமி செத்து விடும். பிளீச்சிங் பவுடரும் பினாயிலும் அளவுக்கு மீறினால் அதே கதி. பொரித்த எண்ணெயை சிங்க்கில் கொட்டினால் இழையில் மெழுகு மாதிரி ஒட்டிக் கொள்ளும்.

மழை வெள்ளம் அடுத்த எதிரி. 2015 வெள்ளத்திலும் 2023 மிச்சாங் புயலிலும் புறநகர் தெருக்களில் மழைநீரோடு கழிவுநீரும் கலந்து ஓடியதை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் ஏறும் மட்டத்துக்குக் கீழே பெட்டியை வைத்தால் பணம் தண்ணீரோடு போகும்.

முக்கியமான எச்சரிக்கை: துணியைத் தாண்டி வரும் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகவே இருந்தாலும் குடிக்கக் கூடாது! நோய்க் கிருமிகள் பெருமளவு குறையும், அடியோடு ஒழியாது. மரம் செடிக்கு மண்ணுக்கு அடியில் விடலாம். கீரைப் பாத்திக்கு விடக் கூடாது.

ஜப்பான்காரன் செய்தது என்ன?

சாக்கடை வராத ஊர்களில் வீட்டுக்கு வீடு சின்ன சுத்திகரிப்புத் தொட்டி வைக்கும் நாடு ஜப்பான். "ஜோகாசோ" என்று அதற்குப் பெயர். உள்ளே கிருமி ஒட்டி வளர பிளாஸ்டிக் சாமான்கள். காற்று ஊத ஒரு மோட்டார். வேலை செய்யும் விதம் துணி வடிகட்டிக்கு அண்ணன் தம்பி உறவு.

அங்கே 1983-ல் இதற்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். வண்டலை ஆண்டுக்கு ஒரு தடவை எடுக்க வேண்டும். குறித்த காலத்தில் ஆள் வந்து சோதிக்க வேண்டும். தண்ணீரை ஆண்டுதோறும் பரிசோதனை செய்ய வேண்டும். கழிப்பறைத் தண்ணீரை மட்டும் சுத்தம் செய்து, சமையல் அறை, குளியல் அறைத் தண்ணீரை அப்படியே விடும் பழைய ரகத்தை 2001-க்குப் பிறகு புதிதாக வைக்கவே அனுமதி இல்லை.

அங்கே சாமானைக் காப்பாற்றுவது, முறை தவறாமல் வந்து மூடியைத் திறந்து பார்க்கும் ஆள்தான். இங்கே அந்த ஆள் யார் என்பது முடிவாகாமல் துணி வடிகட்டி வைத்தால், இரண்டே ஆண்டில் அது இன்னொரு குப்பைத் தொட்டி ஆகி விடும்!

உள்ளே ஆளை இறக்காதே!

துணி வடிகட்டி வைத்தாலும் டேங்க்கில் வண்டல் சேரத்தான் செய்யும். இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை லாரி வைத்து உறிஞ்சி எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் வண்டல் வழிந்து துணியையும் கெடுக்கும்.

இங்கேதான் உயிர் போகிறது.

டேங்க்குக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து விடும். நாற்றமே தெரியாது. "வாடை போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைத்து இறங்குகிறவர் மயங்கி விழுவார். தூக்கப் போகிறவரும் விழுவார். ஒரே டேங்க்கில் இரண்டு, மூன்று பேர் பலியாவது இப்படித்தான்.

பாதுகாப்பு இல்லாமல் டேங்க்குக்குள் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். முதல் தடவையே 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை, 5 லட்சம் வரை. காண்டிராக்டர் மட்டும் அல்ல, வேலைக்குக் கூப்பிட்ட வீட்டுக்காரரும் மாட்டுவார்!

பலியானவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

துணி வடிகட்டியிலும் இதே கண்டிப்பு வேண்டும். துணிகளைத் தரையில் நின்றபடியே உருவி எடுத்து, குழாய் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ முடிய வேண்டும். கழுவுகிறவருக்கு கையுறை, பூட்ஸ் வேண்டும். குனிந்து உள்ளே இறங்க வேண்டிய டிசைன் என்றால் வாங்கவே வாங்காதீர்கள்.

வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது

தெருவில் பாதாள சாக்கடை வந்து விட்டால் முதல் வேலையாக இணைப்பு வாங்குங்கள். அதற்கு மேல் சுலபமான வழி கிடையாது.

வராத தெருவில், டேங்க்கின் வெளிக் குழாய் எங்கே போகிறது என்று இன்றே பாருங்கள். வடிகாலில் போனால் உங்கள் வீட்டு சாக்கடை அடுத்த தெருவில் பொங்குகிறது என்று அர்த்தம்.

கிணறு, போர்வெல் தண்ணீரை சோதனைச் சாலையில் கொடுத்துப் பாருங்கள். கோலிபார்ம் கிருமியும் நைட்ரேட்டும் இருந்தால் டேங்க் மேல் சந்தேகப்படலாம்.

வண்டல் எடுக்க லைசென்சு உள்ள லாரியைக் கூப்பிடுங்கள். உதவிக்கு 14420 என்ற எண் இருக்கிறது. மலிவாக வருகிறதே என்று ராத்திரி லாரியைக் கூப்பிட்டால், அது போய்க் கொட்டும் இடம் ஏதாவது ஒரு ஏரிக்கரையாக இருக்கும்.

புது வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "டேங்க்குக்கு அப்புறம் என்ன?"

"அப்புறம் ஒண்ணும் இல்லைங்க, பைப்தான்" என்று பதில் வந்தால், அஸ்திவாரம் தோண்டும் முன்பே ஒரு என்ஜினீயரைப் பாருங்கள். துணியோ, சரளையோ, மண்ணோ, இடத்துக்கு ஏற்றபடி இரண்டாவது கட்டத்துக்கு வழி செய்யுங்கள். வீடு எழும்பிய பிறகு, 20 சதுர அடி கூட மிச்சம் இருக்காது.